ஏலக்காரம்மாவிடம் சொல்லாதீர்கள்

ஏலக்காரம்மாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று சந்தையில் சொல்வார்கள். அது சரியில்லை. மூக்கு நுனியில் இருக்கிற கோபம் ஒரு தும்மலில் போய்விடும். அவள் கோபம் அடிவயிற்றில் கிளம்பி, நெஞ்சில் ஒரு சுற்றுச் சுற்றி, தொண்டைக்கு வந்து சேரும்போது தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே சாக்கு விரித்துத் தூங்குகிறவன்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவான்.

வீட்டில் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. கூப்பிட ஆளில்லாமல் அது பரணில் போட்ட பாத்திரம் மாதிரிக் கிடந்தது. காய்கறி மண்டிக்கு அவள் முதலில் போனது சாக்கு தைக்கிற வேலைக்கு. ஒரு நாள் ஏலம் கூறுகிறவர் தொண்டை கட்டிக்கொண்டு வரவில்லை. லாரி இறக்கிய வெங்காயம் மலையாகக் கிடக்கிறது, வாங்க வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள், மண்டிக்காரர் கையைப் பிசைகிறார். இவள் ஊசியைச் சாக்கில் குத்தி வைத்துவிட்டு ஒரு மூட்டைமேல் ஏறி நின்று கூற ஆரம்பித்துவிட்டாள். தொண்டை சரியாகி அந்த மனிதர் திரும்பி வந்தபோது அவருக்குத் தராசு வேலைதான் மிச்சம் இருந்தது.

அழுகலை அடியில் போட்டு நல்ல காயை மேலே அடுக்கிய பெட்டி வந்தால், அதைத் தரையில் கவிழ்த்துவிட்டுத்தான் பேச்சையே தொடங்குவாள். "மேல மினுக்கு, கீழ புழு! இத வாங்குறவன் வீட்லயும் புள்ளைங்க இருக்குய்யா!" இடையில் ஒரு தடவை மார்பில் கட்டி வந்து, கத்தியும் கதிர்வீச்சும் பட்டுப் பிழைத்தாள். உடம்பு தேறிச் சந்தைக்குப் போன அன்று அவள் இடத்தில் மண்டிக்காரரின் மைத்துனன் நின்று கூவிக்கொண்டிருந்தான். ஒரு பார்வை பார்த்தாள். அவன் தானாகவே மூட்டையை விட்டு இறங்கிப் போனான்.

அப்படிப்பட்டவளை அறுபது தாண்டியதும் மூச்சு ஏமாற்றத் தொடங்கியது. ஏலம் என்பது மூச்சு வேலை. ஒரு விலைக்கும் அடுத்த விலைக்கும் நடுவே இடைவெளி விட்டால் வாங்குகிறவன் யோசிக்க ஆரம்பித்துவிடுவான். ஒரு நாள் "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று சொல்லிவிட்டு, மூன்றாம் தரத்துக்குக் காற்று இல்லாமல் வாயைத் திறந்தபடி நின்றாள். கூட்டத்தில் எவனோ அவளுக்காக "மூணு தரம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

பிறகு மல்லாந்து படுத்தால் இருமல். இரண்டு தலையணை, மூன்று தலையணை, கடைசியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூக்கம். கால் வீங்கிச் செருப்பு ஏறவில்லை. நெஞ்சை ஸ்கேன் செய்து பார்த்த டாக்டர், இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடாமல் ரத்தம் பின்பக்கம் கசிகிறது என்றார். கதிர்வீச்சு பட்ட நெஞ்சைத் திறந்து தைப்பது ஆபத்து என்றும் சொன்னார். பின் "அம்மா கொஞ்சம் வெளிய உக்காரட்டும்" என்று அவளை அனுப்பிவிட்டு, அவள் கணவரிடமும் மகனிடமும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்.

கணவர் பேருந்துப் பணிமனையில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சத்தம் என்றாலே பயம். வீட்டில் குக்கர் விசில் அடித்தால்கூடத் தோளைக் குறுக்கிக்கொள்வார். மகன் கைப்பேசிக் கடையில் வேலை பார்ப்பவன், அப்பாவின் நகல். இருவரும் வெளியே வந்து ஒரே மாதிரி முகத்தோடு சொன்னார்கள்.

"மாத்திரைதான். ஒழுங்கா சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதாம். ஆனா நீ கோவப்படவே கூடாது."

அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு அதுவே சட்டமாயிற்று. மாடி வீட்டிலிருந்து கீழே இறங்க அவளுக்கு மூச்சு இல்லை. மேலேயே கிடந்தவளைச் சுற்றி வீடு கிசுகிசுக்கப் பழகிக்கொண்டது. செய்தி வந்தால் தொலைக்காட்சியை மாற்றினார்கள். சந்தையிலிருந்து யாராவது பார்க்க வந்தால் வாசலிலேயே நிறுத்தி, "எதுவும் சொல்லிடாதீங்க, அவ ஹார்ட்டு தாங்காது" என்று பாடம் நடத்திவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். மண்டிக்காரர் பழைய மைத்துனனையே மறுபடி மூட்டைமேல் ஏற்றிவிட்டார் என்பதைக்கூட ஒருவரும் சொல்லவில்லை.

"ஏங்க, என்ன மறைக்கிறீங்க?" என்று கேட்டால் கணவர் கையைத் தட்டிக் கொடுப்பார். "ஒண்ணுமில்ல. நீ நிம்மதியா இரு." திட்டலாம் என்று வாயைத் திறப்பாள். பாதி வாக்கியத்தில் காற்று தீர்ந்துபோகும். அந்தப் பாதியைக் கேட்டுவிட்டு அவர், "பாத்தியா, இதுக்குத்தான் சொன்னேன்" என்பார். கைகால் கட்டிப் போட்டால்கூடத் திமிறலாம். அன்பால் கட்டிப் போட்டால் என்ன செய்வது? பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

ரயிலில் அரை நாள் தொலைவில் இருந்த மகளும் வருவதை நிறுத்திவிட்டாள். மாப்பிள்ளை பெயிண்ட் கடை வைத்திருந்தார்; மரியாதையான பேச்சு, வார்த்தைக்கு வார்த்தை அத்தை என்பார். மகள் போனில் மட்டும் வருவாள், அதுவும் மகன் போனில், ஒலிபெருக்கி போட்டு.

"நல்லா இருக்கியாடி?"

"நல்லா இருக்கேம்மா. நீ மாத்திரை சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"சளிம்மா."

அது என்ன மாதக்கணக்கில் சளி என்று தோன்றியது. கேட்பதற்குள் மகன் போனை எடுத்துக்கொண்டுவிடுவான்.

கீழ் வீட்டில் குடியிருந்தவள் ஒரு தையற்காரி. ஏலக்காரம்மா சாய்ந்து தூங்குவதற்கென்று பெரிய தலையணை ஒன்று தைத்து எடுத்துக்கொண்டு ஒரு பகலில் மேலே வந்தாள். ஆண்கள் இருவரும் வீட்டில் இல்லை. தலையணையை முதுகுக்குப் பின்னால் வைத்தவள் போகாமல் நின்றாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்குவீங்களா?"

"கோவிச்சுக்க மூச்சு எங்க இருக்கு? சொல்லு."

"உங்க பொண்ணு இங்க வந்துச்சுக்கா. பெரிய மழை பேஞ்சு கரண்ட் போச்சே, அன்னிக்கு. குழந்தையத் தூக்கிட்டு. மாப்பிள்ளை அடிச்சதுல வாயோரம் கிழிஞ்சு ரத்தம். சார் மேல ஏற விடல, என் மிஷின் பக்கத்துலதான் படுத்துச்சு. நீங்க மேல இருமிக்கிட்டு இருந்தீங்க. ஒவ்வொரு இருமலுக்கும் அது எழுந்து எழுந்து உக்காந்துச்சு."

ஏலக்காரம்மா புதுத் தலையணையை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"காலையில சாரும் உங்க பையனும் கூட்டிட்டுப் போய் அந்த ஆளு வீட்லயே விட்டுட்டு வந்துட்டாங்க. 'அம்மாவுக்குத் தெரிஞ்சா அந்த நிமிஷமே போயிடுவா. பெத்தவளக் கொன்ன பாவம் உனக்கு வேணுமா?'ன்னு கேட்டாங்கக்கா. அதுக்கப்புறம் அது வாயே திறக்கல. நானும் திறக்கல. உங்க வீட்ல வாடகைக்குக் குடியிருக்கிறவ. இனிமே என்னால வயித்துல வச்சிருக்க முடியாது."

தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தன் காலடியில், ஒரு தளத்துக்குக் கீழே, மகள் கிழிந்த வாயோடு படுத்திருந்திருக்கிறாள். தன் இருமலைக் கேட்டிருக்கிறாள். தன் உயிருக்காக, அடிக்கிறவனிடமே திரும்பிப் போயிருக்கிறாள். ஏலக்காரம்மாவின் உடம்பு முழுக்க ஒரு சூடு பரவியது. செத்துவிடுவாள் என்றார்களே, சாகவில்லை. அதுவே அவள் கோபத்தில் எண்ணெய் ஊற்றியது. கேட்டும் சாகவில்லை! அப்படியானால் எதற்காக அந்தப் பெண் இத்தனை நாள் அடிபட்டாள்?

எழுந்தாள். செருப்பைத் தேடவில்லை. தையற்காரி கையைப் பிடித்ததை உதறிவிட்டு மாடிப்படியில் இறங்கினாள். ரயிலடிக்குப் போக வேண்டும் என்பது மட்டும்தான் தலையில் இருந்தது. திருப்பத்துக்கு வரும்போது நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிக்கிற மாதிரிக் களகளவென்று சத்தம். மூச்சை இழுத்தால் பாதியில் நின்றது. படியிலேயே உட்கார்ந்தாள். உதடு நீலம் பாரித்தது. தையற்காரி தெருவில் ஓடி ஒரு வண்டியை நிறுத்தி, அவளை அள்ளிப் போட்டுக்கொண்டு நகரத்தின் பெரிய மருத்துவமனைக்குப் பறந்தாள்.

நுரையீரலில் தேங்கிய நீரை ஊசி போட்டு இறக்கினார்கள். மூச்சு ஒரு நிலைக்கு வந்ததும் இதயப் பிரிவு டாக்டரம்மா வந்தார். கண்ணாடியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு அதைத் தேடுகிற ரகம். கட்டிலின் இந்தப் பக்கம் கணவர், அந்தப் பக்கம் மகன்.

டாக்டரம்மா கணவரைப் பார்த்துத்தான் ஆரம்பித்தார். "நெஞ்சைத் திறக்காம கிளிப் போடலாம், இங்க கூட்டிட்டு வாங்கன்னு முதல்ல பாத்த டாக்டர் போன வருஷமே உங்ககிட்ட சொன்னாராமே? ஏன் வரல?"

கணவர் தரையைப் பார்த்தார்.

ஏலக்காரம்மா முகத்திலிருந்த ஆக்சிஜன் மூடியை இறக்கினாள். "என்கிட்ட பேசுங்க. நெஞ்சு... என்னுது."

டாக்டரம்மா ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு நேராக உட்கார்ந்தார். "தப்புதான். கேளுங்கம்மா. இடது பக்க வால்வுல ரெண்டு மடல் இருக்கு. ரெண்டும் உதடு மாதிரி சேர்ந்து மூடணும். உங்களுக்கு ஒரு மடலப் பிடிச்சிருக்கிற நரம்பு மாதிரி இருக்கிற நூல் அறுந்துபோச்சு. அதனால இதயம் அமுக்கும்போதெல்லாம் ரத்தத்துல ஒரு பங்கு முன்னால போகாம நுரையீரல் பக்கமே திரும்பி அடிக்குது. தொடை இடுக்கு ரத்தக் குழாய் வழியா ஒரு மெல்லிசான குழாய விட்டு, உள்ள போய், ரெண்டு மடலையும் நடுவுல சேர்த்து ஒரு கிளிப் போடுவோம். துணி காயப்போடுற கிளிப் மாதிரி, ஆனா ரொம்பச் சின்னது. ரெண்டு ஓரத்துலயும் ரத்தம் போக வழி இருக்கும். இதயம் துடிச்சுக்கிட்டேதான் இருக்கும்."

"கசிவு நிக்குமா?"

"நல்லா குறையும். சுத்தமா நிக்கும்னு சொல்ல மாட்டேன். ஆபத்தே இல்லைன்னும் சொல்ல மாட்டேன்."

பொய் சொல்லாத ஆளைப் பார்த்து வெகு நாள் ஆகியிருந்தது. "கெட்ட சேதி கேட்டா... வால்வு கிழிஞ்சு நான் செத்துடுவேனா?"

"யாரு சொன்னா? கோவப்பட்டா பிரஷர் ஏறும், மூச்சு வாங்கும். அதுக்காக ஒரு மனுஷிக்கு வீட்டு விஷயமே தெரியக் கூடாதுன்னு எந்த வைத்தியத்துலயும் இல்ல."

ஏலக்காரம்மா தலையைத் திருப்பிக் கணவரைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள். இந்தச் சுவாசத்தை இவர்கள்மேல் வீணாக்கப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டாள். "கிளிப்பப் போடுங்க," என்றாள் டாக்டரம்மாவிடம்.

பார்வையாளர் நேரத்தில் தையற்காரி வந்தபோது அவள் போனை வாங்கி மகளைக் கூப்பிட்டாள்.

"எனக்கு எல்லாம் தெரியும். நான் சாகல. கிளம்பி வா."

மறுமுனையில் அழுகை. "குழந்தைய அவங்கம்மாகிட்ட விட்டு வச்சிருக்காரும்மா. தனியா எங்கயும் விட மாட்டேங்கிறாரு."

"சரி. நான் வரேன்."

இந்த இரண்டு சொல்லுக்காகத்தான் அவள் அந்த மேசையில் படுத்தாள். மயக்க மருந்து கொடுத்தார்கள். தொண்டை வழியாக ஒரு கருவியை இறக்கி இதயத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே, துடிக்கிற மடல்களைத் துரத்திப் பிடித்துக் கிளிப்பைப் பூட்டினார்களாம். முதல் தடவை பிடித்த இடம் சரியில்லை என்று விட்டு மறுபடி பிடித்ததாக டாக்டரம்மா பின்னால் சொன்னார்.

கண் விழித்தபோது நெஞ்சில் களகளப்பு இல்லை. தொடையில் ஒரு சின்னக் கட்டு. மல்லாந்து படுத்திருந்தாள், ஒரே ஒரு தலையணையில், இருமாமல். மூச்சை இழுத்துப் பார்த்தாள். அது அடிவரை போய்த் திரும்பியது. உடனே திட்ட வேண்டும் என்றுதான் தோன்றியது. வாயைத் திறந்தால் குரலே இல்லை. கருவி இறங்கிய தொண்டை புண்ணாகி, காற்று மட்டும் வந்தது. மூச்சு வந்தபோது குரல் போயிற்று. அந்த ஆத்திரத்தில் கண்ணில் நீர் வந்தது. வலிக்கிறதோ என்று நர்ஸ் ஓடி வந்தாள்.

வீடு திரும்பிய அன்று அந்தக் கிசுகிசுக் குரலிலேயே கணவரையும் மகனையும் எதிரே உட்கார வைத்தாள். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்துக் கணவர் தோளைக் குறுக்கிக்கொண்டிருந்தார். அவளுக்குக் கத்த முடியவில்லை. அது அவருக்கு இன்னும் கொடுமையாக இருந்தது.

"என் பொண்ணு என் வீட்டுக்கு வந்தா. நீங்க அவள அடிக்கிறவன்கிட்டயே கொண்டுபோய் விட்டீங்க."

"உன் நல்லதுக்குத்தான்..."

"எனக்குப் பொணம்னு பேர் வச்சுட்டு, அந்தப் பொணத்தக் காட்டி அவளப் பயமுறுத்தினீங்க. கிளிப்பு போடலாம்னு டாக்டர் சொன்னத ஏன் மறைச்சீங்க?"

"பயமா இருந்துச்சு. உள்ள போய் ஏதாவது ஆயிட்டா... மாத்திரையோட இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்னு."

"யாரு இருக்கிற வரைக்கும்?"

மகன் குறுக்கே வந்தான். "நீ சத்தம் போடுவ, மாப்பிள்ளை வீட்டோட சண்டை வரும், எல்லாம் நாறும்னு அப்பா..."

"ஆமாடா. போட்டிருப்பேன். நாறியிருக்கும். அவ மறுபடி அடி வாங்கியிருக்க மாட்டா." அதற்குமேல் தொண்டை இடம் கொடுக்கவில்லை. எழுந்து போனாள். கணவர் அழுதார். அவருக்கு அவள்மேல் இருந்த பிரியம் பொய்யில்லை. ஆனால் அந்தப் பிரியம் செய்த காரியத்தை நினைக்க நினைக்க அவளுக்கு வயிறு எரிந்தது.

பயணம் போகலாம், பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொன்ன வாரமே தையற்காரியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ரயில் ஏறினாள். வீட்டுக்குப் போகாமல் நேராக மாப்பிள்ளையின் பெயிண்ட் கடைக்குத்தான் போனாள். வாடிக்கையாளர்கள் நிற்கிற நேரம். மாப்பிள்ளை எழுந்து வந்து நாற்காலியைத் துடைத்தார்.

"அத்தை, இந்த உடம்போட எதுக்கு அத்தை வந்தீங்க? டென்ஷன் ஆகாதீங்க..."

"என் உடம்பப் பத்தி நீ பேசாத!"

குரல் வந்துவிட்டது. எப்போது வந்தது என்று அவளுக்கே தெரியாது. பெயிண்ட் டப்பாக்கள் அதிர்ந்தன. தெருவில் போகிறவர்கள் நின்றார்கள்.

"என் பொண்ணு வாயக் கிழிச்ச கைதானே அது? காட்டு, எல்லாரும் பாக்கட்டும்! மேல மினுக்கு மரியாதை, உள்ள மிருகம்! பேத்தியோட, பொண்ணோட நான் இந்தத் தெருவ விட்டுப் போகணும். இல்லேன்னா நான் இங்கயே நின்னு கூவுவேன். ஊருக்கே கேக்கும். எனக்கு இப்ப மூச்சு இருக்கு!"

"அத்தை, உள்ள வாங்க, பேசிக்கலாம்..."

"உள்ள என்ன பேச்சு? உள்ள நடந்தது போதும்!"

கடையில் சாயம் கலக்க வந்திருந்த ஒரு வயதானவர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, "கொண்டாந்து விட்ருய்யா," என்றார். மாப்பிள்ளை சுற்றிலும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். அடிக்கிற ஆளுக்கு ஊர்ப் பார்வை என்றால் அவ்வளவு பயம். குழந்தையை அவர் அம்மாவே தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தாள். மகள் ஒரு பையோடு வந்தாள். அங்கிருந்து நேராகக் காவல் நிலையம், புகார், பிறகுதான் ரயில்.

ரயிலில் குழந்தை தூங்கியது. ஏலக்காரம்மா மகளின் தலையைத் தடவப் போனாள். மகள் தலையை விலக்கிக்கொண்டாள்.

"ஏம்மா நீ கண்டுபிடிக்கல?"

"என்னடி?"

"போன்ல அத்தனை தடவ பேசினேன். சளின்னு சொன்னா நம்பிடுவியா? அழுகிப்போன தக்காளிய அடியிலேர்ந்து கண்டுபிடிப்ப. என்னக் கண்டுபிடிக்க முடியல?"

ஏலக்காரம்மாவுக்குச் சுரீர் என்றது. மூச்சு இல்லடி, படுத்துக் கிடந்தேன்டி என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. சந்தேகம் வந்ததும், கேட்காமல் விட்டதும் உண்மை. "திட்டு," என்றாள். "நல்லா திட்டு."

மகள் திட்டினாள். தையற்காரி எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டாள்.

வழக்கு இன்னும் நடக்கிறது. மாப்பிள்ளை பக்கத்து வக்கீல் தேதிக்குத் தேதி வாங்குகிறார். ஏலக்காரம்மாவின் இதயத்தை மறுபடி ஸ்கேன் செய்து பார்த்தார்கள். கிளிப் இடத்தில் இருக்கிறது, கொஞ்சம் கசிவு மிச்சம் இருக்கிறது, அது இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் டாக்டரம்மா. சந்தையில் காலை ஏலத்தில் பாதியை அவள் கூறுகிறாள், மீதி மைத்துனன். கணவரிடம் உப்பு, காபி, கரண்ட் பில் அளவுக்குத்தான் பேச்சு. அவர் பொறுத்துக்கொண்டிருக்கிறார்.

மகள் ஒரு மாதம்தான் தாய் வீட்டில் இருந்தாள். ஒரு கூரியர் அலுவலகத்தில் வேலை கிடைத்ததும் இரண்டு தெரு தள்ளி ஒற்றை அறை வீடு ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தாள்.

ஏலக்காரம்மா எகிறினாள். "என் வீடு குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது நீ ஏன்டி தனியா போகணும்?"

"உன் வீட்ல அப்பாவும் அண்ணனும் இருக்காங்கம்மா. அவங்க முகத்தப் பாத்துட்டு என்னால சாப்பிட முடியல."

மறுநாள் ஏலக்காரம்மா தானே அந்த அறைக்குப் போனாள். முன்னால் குடியிருந்தவர்கள் அடுப்பு மேடையில் விரல் தடிமனுக்கு எண்ணெய்ப் பிசுக்கை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மகள் தண்ணீர் ஊற்ற ஊற்ற, அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கத்தியால் பிசுக்கைச் சுரண்டியபடி, முகம் தெரியாத அந்தக் குடித்தனக்காரர்களை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தாள்.